கடன் பத்திரப் பணத்தில் கட்டும் நகரங்கள் எங்கே சறுக்குகின்றன?

அமெரிக்காவில் பாலம், நூலகம், நினைவிடம் என்று எதைக் கட்ட நினைத்தாலும் பல நகரங்கள் மாநிலக் கடன் பத்திரப் பணத்தை எதிர்பார்க்கின்றன. எதிர்பார்ப்பதில் தவறில்லை. சட்டமன்றம் ஒப்புதல் தந்த அன்றே பணம் வந்துவிட்டதாக நினைப்பதுதான் பெரிய தவறு. கனெக்டிகட் மாநிலத்தில் சட்டமன்றம் கடன் வாங்க அனுமதி மட்டுமே தருகிறது. பிறகு, ஆளுநர் தலைமையில் 10 பேர் கொண்ட மாநிலப் பத்திர ஆணையத்தின் நிகழ்ச்சி நிரலில் அந்தத் திட்டம் ஏற வேண்டும், வாக்கெடுப்பில் தேற வேண்டும். அதற்குள் ஒப்பந்ததாரரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டால், பணம் தாமதமாகும்போது மாட்டிக்கொள்வது நகரம்தான்.

2012இல் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் இறந்த 26 பேருக்கு நினைவிடம் அமைத்த, அதே கனெக்டிகட்டின் நியூடவுன் நகரத்தைப் பாருங்கள். 2021 ஏப்ரலில் 37.5 லட்சம் டாலருக்கு மக்களிடமே வாக்கெடுப்பில் ஒப்புதல் வாங்கினார்கள். மாநிலப் பத்திரத்திலிருந்து கிடைத்த 25 லட்சம் டாலர் அந்தச் சுமையைப் பெருமளவு இறக்கியது. 2022 நவம்பரில் நினைவிடம் திறந்தது.

நினைவிடம் என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். கடன் பத்திரம் கட்டுவதற்கான பணம், பராமரிப்புக்கானது அல்ல. நியூடவுன் நினைவிடத்தில் நீர்த்தடாகமும் நடுவே ஒரு மரமும் உண்டு. நீர் ஓட வேண்டும், மரத்தைப் பேண வேண்டும். அந்தச் செலவை நகரம் ஆண்டுதோறும் தன் பட்ஜெட்டில்தான் எடுத்து வைக்க வேண்டும். பெயர் பொறித்த கல்லில் பாசி படிவதை ஒரு தாயின் கண்ணில் காட்டுவது கொடுமை. அடிக்கல் நாட்டும் முன்பே இந்தத் தொகையை எழுதி வைத்துவிடுங்கள்.

“மாநிலம் தருகிறது, நமக்கென்ன செலவு” என்பதும் சரியல்ல. 10 லட்சம் டாலரை 4 சதவீத வட்டியில், ஆண்டுதோறும் சம அளவு அசலாக 20 ஆண்டுகளில் அடைத்தால் வட்டி மட்டும் 4.2 லட்சம். அதைக் கட்டும் மாநில வரியில் அந்த ஊர் மக்களின் பங்கும் உண்டு. 8 ஆண்டில் தேய்ந்துபோகும் தார்ப்பூச்சுக்கு 20 ஆண்டுக் கடன் வாங்கினால், சாலை போன பிறகும் 12 ஆண்டு தவணை நிற்கும்.

கடைசியாகத் தேதி விஷயம். கைக்காசைச் செலவழித்துவிட்டுப் பின்னால் வரிவிலக்குப் பத்திரப் (வட்டிக்கு மத்திய வருமான வரி இல்லாத பத்திரம்) பணத்தில் ஈடுகட்ட நினைத்தால், அந்த நோக்கத்தைச் செலவு செய்த 60 நாளுக்குள் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் வரி விதி. வடிவமைப்பு போன்ற முதற்கட்டச் செலவுகளுக்கு ஓரளவு விலக்கு உண்டு. மற்றதற்கெல்லாம் முதல் பில்லைக் கொடுக்கும் முன்பே தீர்மானம் போட்டுவிடுவது நல்லது.