செக் என்ஜின் விளக்கு எரிந்ததும் அதை அணைக்கப் பார்க்காதீர்கள்

பெட்ரோல் இருக்கிறதா, சர்வீஸ் தேதி கடந்துவிட்டதா என்ற பாலபாடங்களை விட்டுவிடுகிறேன். காரோடு வரும் கையேட்டிலேயே அவை இருக்கின்றன. குன்னூரில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேரும் பையன்களும், புதிதாகக் கார் வாங்கி மலையேறி வருகிறவர்களும், டேஷ்போர்டில் செக் என்ஜின் என்ற மஞ்சள் விளக்கு எரிந்ததும், நான் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே காரியங்களை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

படிக்காமல் அழிப்பது

காரின் கணினி குறித்துவைத்த குறைகளைப் படிக்கும் ஓபிடி கருவி இப்போது மலிந்துவிட்டது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 துளை சாக்கெட்டில் செருகி, புளூடூத்தில் கைப்பேசியோடு இணைத்தால் எரர் கோட், அதாவது குறைக்கான குறியீடு, திரையில் வந்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் அதே திரையில் ‘படி’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘அழி’ என்றும் ஒரு பொத்தான் இருக்கிறது. எல்லோருக்கும் விரல் அங்கேதான் போகிறது.

ஒரு மே மாதம், திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெட்ரோல் கார், உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னியிருக்கிறது. ஓட்டிவந்த தம்பி கைப்பேசியில் அதை அழித்திருக்கிறார். பர்லியாருக்கு முன்னால் மறுபடி மின்னியது, மறுபடி அழித்தார். அதற்கு மேல் வளைவுக்கு வளைவு இதே கதை. எங்களிடம் வந்து நின்றபோது விளக்கு எரியவில்லை.

“கருவியில் என்ன வந்தது?” என்று கேட்டேன்.

“பி என்று ஏதோ தொடங்கியது அண்ணா. அழித்துவிட்டேன். இப்போது விளக்கு இல்லை, ஆனால் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது.”

திருட்டுப் போன வீட்டைக் கூட்டிப் பெருக்கி, தரையைத் துடைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடுகிற வேலை இது.

அழிந்தது வெறும் எண் அன்று. குறை தென்பட்ட அந்தக் கணத்தில் என்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, எவ்வளவு பாரம், தண்ணீர் எவ்வளவு சூடு, வண்டி என்ன வேகம் என்பதையெல்லாம் கணினி ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பெயரில் சேர்த்து வைக்கிறது. குறியீடு பி0303 என்றிருந்தால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை, என்று அர்த்தம். ‘அழி’யைத் தொட்டால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும்.

மலையில் இது ஏன் இரட்டிப்பு நஷ்டம் என்றால், இங்கே பல குறைகள் ஏற்றத்தில் மட்டும்தான் முகம் காட்டும். பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அப்போது தீப்பொறி விழக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைத் தருவது இக்னிஷன் காயில். நலிந்த காயில் சமதரையில் சமாளித்துக்கொண்டு, இரண்டாவது கியர் ஏற்றத்தில் கைவிடும். அந்தத் திருப்பூர் காரும் எங்கள் வாசலில் ஐடிலிங்கில் சத்தமில்லாமல் ஓடியது. அருவங்காடு பக்கம் ஊட்டி சாலை ஏற்றத்துக்குக் கொண்டுபோய், கருவியைச் செருகி வைத்து, குறையை மறுபடி வரவழைத்துத்தான் மூன்றாவது காயில் என்று பிடித்தோம். தம்பியின் கைப்பேசி அதைக் கல்லாற்றிலேயே சொல்லியிருக்கிறது.

காயிலோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருக்காது. எரியாத பெட்ரோல் எங்கே போகும்? சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அதற்குள் நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சில நூறு டிகிரி சூட்டில் ஒழுங்காக வேலை செய்யும் பொருள் அது. சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகப் போகப் பூச்சு கெட்டு, கட்டியே உருக ஆரம்பிக்கும். உருகினால் துளைகள் அடைபடும். புகை வெளியேற வழியில்லாத வண்டி எப்படி இழுக்கும்? காயிலின் விலை சில ஆயிரம் ரூபாய். கன்வெர்ட்டரின் விலை அதைப்போல் பல மடங்கு. விளக்கு சும்மா எரியாமல் மின்னுவதே ‘கன்வெர்ட்டர் போகப்போகிறது’ என்று சொல்வதற்காகத்தான்.

ஆகவே மின்னினால் உடனே ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள். சாலை அகலமாக இருக்கும் இடத்தில் ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சீசனில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். திரும்பி இறங்கலாம் என்ற கணக்கு அப்போது செல்லாது. ‘ஊட்டிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது அதைவிட மோசமான கணக்கு. மின்னாமல் நிலையாக எரிந்து, வண்டியின் ஓட்டத்திலும் மாற்றம் இல்லையென்றால் நிதானமாக ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்கு வரலாம்.

குறியீட்டையும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். எந்த இடத்தில், எந்தக் கியரில், மழையா வெயிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். அது போதும். பழுது நீங்கியபின், பெரும்பாலான கார்களில், அடுத்தடுத்த மூன்று ஓட்டங்களில் அந்தக் குறை தென்படாவிட்டால் விளக்கு தானாகவே அணைந்துவிடும். அழிக்க வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை.

வாடிக்கையாளர் கண்ணெதிரே விளக்கை அணைத்துக் காட்டி, பழுது நீக்கியதாகக் காசு வாங்கும் மெக்கானிக்குகளும் உண்டு. அவர்களைப் பற்றி எழுதினால் வார்த்தை தடித்துவிடும்.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது

படிக்காமல் குறியீட்டை அழிக்கும் அதே தவறு, ஸ்பானரால் செய்வது.

குறியீட்டை உதிரிபாகத்தின் பெயராக எடுத்துக்கொள்வது

பி0420 என்றால் ‘கன்வெர்ட்டரை மாற்று’ என்று பொருளில்லை. கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைவாகத் தெரிகிறது என்பதே அதன் பொருள். சைலன்சர் குழாயில் சிறு கசிவு இருந்தாலும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் பின்பக்க ஆக்சிஜன் சென்சார் தவறாகச் சொன்னாலும் அதே எண் வரலாம். பி0171 என்றால் பெட்ரோலின் விகிதம் குறைந்து காற்று கூடியிருக்கிறது. அதற்கு விரிசல்விட்ட ஒரு ரப்பர் குழாயே காரணமாக இருக்கலாம். அந்த நிலவரத்தைச் சரியாக எடுத்துச் சொன்ன குற்றத்துக்காக ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி எறிகிறார்கள். புது சென்சாரும் அதையேதான் சொல்லும்.

பல நாள் நிறுத்தி வைத்த கார் என்றால், சென்சாரை மாற்றும் முன் எலி கடித்த வயர் இருக்கிறதா என்று தேடுங்கள். குளிருக்கு என்ஜின் மேல்தான் அது குடியிருக்கும்.

‘மலைக்காற்று மெலிது, அதனால்தான்’

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இழுவை குறையத்தான் செய்யும். ஆனால் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைக்கும் வேலையைக் கணினி செய்துகொண்டேதான் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள காரில் உயரத்துக்காக மட்டும் விளக்கு எரியாது. கீழே ஒளிந்திருந்த குறையை மலை வெளியே இழுத்துப் போட்டது, அவ்வளவுதான்.

டீசல் காரை ஊருக்குள்ளேயே உருட்டுவது

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 புகை மாசு விதிக்குப் பின் டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, அதாவது டிபிஎஃப், இருக்கிறது. சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் புகை நன்றாகச் சூடாகி, அந்தச் சூடு சிறிது நேரம் நிலைக்க வேண்டும். வெலிங்டனிலிருந்து குன்னூர் மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. ‘மேட்டுப்பாளையம்வரை போய் வந்தேன், டிபிஎஃப் விளக்கு போகவில்லை’ என்பார்கள். ஆக்சிலரேட்டரில் கால் படாமல் இறங்கினால் சூடு எங்கிருந்து வரும்? டிபிஎஃப் விளக்கு மட்டும் எரியும்போதே, கீழே இறங்கியபின் அன்னூர் சாலை போன்ற நேர்சாலையில் நிறுத்தாமல் சீரான வேகத்தில் இருபது நிமிடம்போல ஓட்டுங்கள். செக் என்ஜின் விளக்கும் சேர்ந்துகொண்டால் அந்தக் கரியை ஒர்க்‌ஷாப்பில் வைத்துத்தான் எரிக்க வேண்டியிருக்கும்.

ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ சிவப்பில் எரிந்தால்

நிறுத்துங்கள். அணையுங்கள். அடுத்த வளைவுவரைகூட வேண்டாம்.

எரியாத விளக்கை நம்பி பழைய கார் வாங்குவது

சாவியைத் திருப்பியதும், என்ஜின் கிளம்பும் முன் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். கிளம்பியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லையென்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். எரிந்து அணைந்தாலும் கருவியைச் செருகி ரெடினஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். என்ஜின் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் அங்கே வரிசையாக இருக்கும். பெரும்பாலானவை முடியவில்லை என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் குறியீடுகளை அழித்திருக்க வேண்டும். ‘நேற்றுத்தான் புது பேட்டரி போட்டோம், அதனால்தான்’ என்பார்கள். அப்படியும் நடக்கும். பேட்டரி வாங்கிய பில்லைக் கேளுங்கள்.