முதல் சிங்கிங் பவுல்: தட்டிப் பார்த்து வாங்குங்கள்

பேசின் பிரிட்ஜ் யார்டில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ரயில் வந்து நின்றதும் நீளக் காம்பு போட்ட சுத்தியலோடு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு தட்டிக்கொண்டே போவோம். நல்ல சக்கரம் கணீரென்று பதில் சொல்லும். விரிசல் விட்டிருந்தாலோ டயர் தளர்ந்திருந்தாலோ சத்தம் மொத்தையாக விழும். இப்போது அந்த வேலைக்கு அல்ட்ராசோனிக் கருவி வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு தூக்கம் கெட்டுப்போய், பெரம்பூரில் ஒரு தியான வகுப்பில் சேர்ந்தேன். அங்கேதான் சிங்கிங் பவுலை, அதாவது குச்சியால் தட்டினாலோ விளிம்பில் உரசினாலோ நீளமாக ஒலிக்கிற தியானக் கிண்ணத்தை, முதலில் பார்த்தேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்க, நான் மட்டும் அந்தக் கிண்ணத்தில் விரிசல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். (இல்லை. நல்ல கிண்ணம்.)

முரசொலி மாறன் பூங்காவில் கூட நடக்கிறவர்கள், "அண்ணே, நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்கறது?" என்று கேட்கிறார்கள். நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் நம் வடசென்னைக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

காசு செலவழிக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை. பொங்கலுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்குகிற வெண்கலப் பானையோ, பாட்டி காலத்து வெண்கலக் கிண்ணமோ இருந்தால் எடுத்துத் துடையுங்கள். பழைய வேட்டித் துணியைச் சும்மாடாகச் சுருட்டி, அதன்மேல் வையுங்கள். மரக்கரண்டிக் காம்பில் துணி சுற்றி விளிம்புக்குக் கொஞ்சம் கீழே மெல்லத் தட்டி, சத்தம் அடங்கும்வரை உட்காருங்கள். இப்படிச் சில நாள் செய்தாலே இந்த உலோக நாதம் உங்களுக்கு ஒத்துவருமா, எரிச்சலாக இருக்குமா என்பது தெரிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும். என் மனைவி அடுப்படியிலிருந்தே, "இன்னாங்க இது, எழவு வூட்டு சேகண்டி மாரி கீது!" என்றாள். அது சும்மா சொன்ன பேச்சில்லை. எங்கள் பக்கம் சங்கும் சேகண்டியும் தெருவில் கேட்டால் யார் வீட்டில் என்று எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே வீட்டாருக்குப் பிடிக்காத சத்தத்தை வாங்கி வராதீர்கள். வந்த அன்றே பரண் ஏறிவிடும்.

அடுத்தது உலோகம். நல்ல பவுல் வெண்கலம்: ஏறத்தாழ 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். இதே கலவையில்தான் மணியும் வார்க்கிறார்கள். மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். பித்தளை பளபளவென்று மஞ்சளாக இருக்கும், சத்தம் சீக்கிரம் படுத்துவிடும். வெண்கலம் கொஞ்சம் மங்கலான பழுப்பு கலந்த பொன்னிறம். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தை ஆறிய நிலையில் அடித்தால் உடைந்துபோகும். சிவக்கக் காய்ச்சி, சூட்டோடு அடித்து, கடைசியில் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். நேபாளத்தில் காத்மாண்டு பள்ளத்தாக்கில் இன்றைக்கும் பலர் சேர்ந்து மாறி மாறிச் சம்மட்டி போட்டுத்தான் செய்கிறார்கள். திபெத் பவுல் என்ற பேரில் வருவது அநேகமாக நேபாளச் சரக்கு அல்லது வட இந்தியச் சரக்கு.

இந்த வித்தை இமயமலைக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரிக் கல்லறைகளிலும் கிடைத்த இரும்புக்காலக் கிண்ணங்கள் சில இதே மாதிரி வெள்ளீயம் அதிகம் சேர்த்து, சூட்டில் அடித்து, தண்ணீரில் முக்கியவை என்று உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் காட்டியிருக்கிறார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள் இருக்கின்றன. வியாசர்பாடியிலிருந்து எவ்வளவு தூரம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

கடையில் "ஏழு உலோகம் சார், தங்கம், வெள்ளி, பாதரசம் எல்லாம் சேர்த்தது" என்பார்கள். தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், அது எங்கே கிண்ணத்தில் நிற்கும்? பவுல்களைச் சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்ததும் பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும்தான். ஏழு உலோகத்துக்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பௌர்ணமி இரவில் அடித்தது, இருநூறு வருஷப் பழசு என்பவற்றுக்கும் இதே பதில்தான்.

எங்கே வாங்குவது? நமக்குப் பக்கம் சவுகார்பேட்டைதான். மிண்ட் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் பூஜை சாமான் கடையும் பாத்திரக்கடையுமாகக் கேட்டுப் போனால் கிடைக்கும். காலையில் கடை திறந்ததும் போகாதீர்கள். போணி ஆகாத நேரத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கினால் கடைக்காரர் முகம் சுருங்கும், நியாயமும் அதுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறையும், அப்போது போங்கள். உள்ளே பின்பக்கம் நின்று கேட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பொருளை விற்க நினைப்பவர் மறுக்க மாட்டார். என்னை மாதிரி வயசானவர்கள் கூட ஒரு இளசைக் கூட்டிப் போவது நல்லது. யார்டுச் சத்தத்தில் என் காதுக்கு மேல்ஸ்தாயி கொஞ்சம் போய்விட்டது. ஒரு கடையில் நான் நல்லது என்று எடுத்ததைத் தட்டியதுமே என் மகள், "இல்லப்பா, ஓரத்துல ஜிர்ருனு ஒண்ணு கேக்குது" என்றாள். கடைக்காரர், "அது வைப்ரேஷன்மா, ஹீலிங்குக்கு அதுதான் முக்கியம்" என்றார். ஜிர்ரென்று கேட்டால் அது ஹீலிங் இல்லை, விரிசல்.

இனி தட்டுகிற முறை. இடது உள்ளங்கையை நன்றாக விரித்து, நடுவில் கிண்ணத்தை உட்கார வையுங்கள். விரல்கள் பக்கச் சுவரில் படக்கூடாது, பட்டால் சத்தம் செத்துவிடும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். துணியோ தோலோ சுற்றிய குச்சியால் பக்கவாட்டில் ஒரே தட்டு. ஓங்கி அடிக்க வேண்டாம், மென்மையாகத் தட்டினால்தான் கிண்ணத்தின் குணம் தெரியும். முதலில் எழும்புகிற 'ணங்' என்பதை விட்டுவிடுங்கள், அதற்குப் பின்னால் வருகிற வாலைக் கேளுங்கள். போனில் கடிகாரத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஐந்து அங்குலக் கிண்ணம் பதினைந்து விநாடிக்குள் அடங்கிவிட்டால் திருப்பி வைத்துவிடுங்கள். நல்லது அரை நிமிடமாவது நிற்கும்.

அந்த வாலில் ஊம்... ஊம்... என்று ஏறி இறங்குகிற ஒரு அலை வரும். கையால் அடித்த கிண்ணத்தின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்காது. அதனால் 300 ஹெர்ட்ஸில் ஒன்றும் 302இல் ஒன்றுமாக, ஒட்டி ஒட்டி இரண்டு ஒலிகள் சேர்ந்தே கிளம்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்குவதாகக் காதில் விழுகிறது. முதல் பவுலுக்கு மெதுவான அலை போதும் என்பது என் கட்சி. நொடிக்கு ஒன்று, இரண்டு என்றால் மூச்சோடு போகும். படபடவென்று அடிக்கிற அலை எனக்குப் பதற்றத்தைத்தான் தருகிறது. ஒரே இடத்தில் தட்டி முடிவு செய்யாதீர்கள். கிண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சுற்றிலும் தட்டுங்கள். சில இடத்தில் அலையே இல்லாமல் சுத்தமாகப் பேசும், சில இடத்தில் அலை நன்றாக எழும். பிடித்த இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளலாம். விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள், எங்காவது இடறினால் அந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

அளவில்தான் வடசென்னைக்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டும். ஆசிரமத்துக்கும் மலைக்கும் ஏற்றது நமக்கு ஏற்காது. தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ வீடு என்றால் கன்டெய்னர் லாரியின் உறுமல் ராத்திரி முழுக்க இருக்கும். கொருக்குப்பேட்டை என்றால் கூட்ஸ் வண்டி. மேலே ஃபேன் வேறு. இவை எல்லாமே கனத்த, தாழ்ந்த சத்தங்கள். பத்து அங்குலப் பெரிய கிண்ணத்தின் அடிநாதமும் அந்தத் தாழ்ந்த பக்கமே இருப்பதால், ஐந்தாறு ஆயிரம் அதிகம் கொடுத்து வாங்கியது லாரிச் சத்தத்துக்குள் அமுங்கிப்போகும். சரி, சின்னதாக மூன்று அங்குலம் வாங்கலாம் என்றால் அது கீச்சென்று பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டும். நம்முடையது ஒட்டுச் சுவர் வீடு, இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர் அந்தப் பக்கம் படுத்திருப்பார். சின்னதை உரசிப் பாட வைப்பதும் புதியவருக்குக் கஷ்டம். அதனால் ஐந்து முதல் ஆறு அங்குலம், அரைக் கிலோவை ஒட்டி அல்லது கொஞ்சம் மேலே. கையிலும் நிற்கும், சுவருக்குள்ளேயும் நிற்கும். ஒரே அளவில் இரண்டு இருந்தால் சுவர் தடித்தது உயர்ந்த ஸ்தாயியில் பேசும், மெலிந்தது தாழ்ந்து பேசும். இரண்டையும் கேட்டுவிட்டு எடுங்கள்.

குச்சியைக் கிண்ணத்தோடு சேர்த்தே பேசுங்கள். வெறும் மரக்குச்சி மேல்நாதத்தைக் கிளப்பும், தோல் சுற்றியது அடிநாதத்தைக் கிளப்பும். புதியவருக்குத் தோல் சுற்றியதுதான் வசதி. உரசும்போது முதலில் ஒரு மெல்லிய தட்டு, உடனே குச்சியை விளிம்பின் வெளிப்பக்கம் சாய்க்காமல் நிறுத்தி, அழுத்தம் குறையாமல் மெதுவாகச் சுற்றுங்கள். மணிக்கட்டை மட்டும் சுழற்றாமல் முழங்கையிலிருந்து கை நகர வேண்டும். குச்சி ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுவதால்தான் கிண்ணம் பாடுகிறது. வளைவில் ரயில் சக்கரம் கிறீச்சிடுவதும் இதே ஒட்டல் வழுக்கல்தான், அது மட்டும் யாருக்கும் தியானமாகப் படுவதில்லை! கடகடவென்று குச்சி துள்ளினால் வேகம் அதிகம் அல்லது அழுத்தம் குறைவு. கடையிலேயே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஆனால் உரசத் தெரியவில்லை என்பதற்காக நல்ல கிண்ணத்தைத் தள்ளாதீர்கள், அது பழகினால் வரும்.

ஆன்லைனில் வாங்குவதானால் வீடியோவை இயர்போனில் கேளுங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரால் தாழ்ந்த நாதத்தைச் சரியாகக் கொடுக்க முடியாது, மேல்நாதம் மட்டும் கேட்டு ஏமாந்துபோவோம். எடை, விட்டம், திருப்பி எடுத்துக்கொள்வார்களா, இந்த மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் வேண்டாம்.

கிரிஸ்டல் பவுல் குவார்ட்ஸில் செய்வது. சிலிக்கான் தொழிற்சாலைகளில் உருக்குவதற்குப் பயன்படுத்தும் கலங்களிலிருந்து வந்த வம்சம். சத்தம் அபாரம், சந்தேகமில்லை. ஒற்றை அறை வீட்டில், பேரப்பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற இடத்தில், முதல் பவுலாக வேண்டாம். உடம்பில் இருப்பதாக யோகத்தில் சொல்கிற ஏழு சக்கரத்துக்கு ஏழு ஸ்வரம் என்று செட்டாக விற்பது பிற்காலத்தில் சேர்ந்த ஏற்பாடு. மேலே ஓம் மணி பத்மே ஹூம் என்ற பௌத்த மந்திரம் பொறித்திருந்தால் பார்க்க அழகு, சத்தத்துக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

உடம்புக்கு நல்லதா என்றால், அமெரிக்காவில் 62 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017இல் அச்சில் வந்தது. ஒரு அமர்வுக்குப் பின் படபடப்பும் களைப்பும் குறைந்ததாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பவுல் இல்லாமல் சும்மா படுத்திருந்த இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை. எனக்குப் படுத்ததும் தூக்கம் வருகிறது, அது எனக்குப் போதும். சர்க்கரை இறங்கும், பிரஷர் மாத்திரையை விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் கிண்ணத்தை உடம்பின்மேல் வைத்துத் தட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். காதில் இரைச்சல் உள்ளவர்கள் உயர்ந்த ஸ்தாயிக் கிண்ணத்தைத் தவிர்ப்பது நல்லது. யாருமே காதோரம் வைத்து அடிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் வெறும் தரையில் வைத்துத் தட்டாதீர்கள். அதற்கென்று தனி மெத்தை விற்பார்கள், சும்மாடு போதும். வெண்கலம் உறுதியானது, ஆனால் மொசைக் தரையில் விழுந்தால் விரிசல் விட்டுவிடும், அப்புறம் ஒட்டவைக்க வழியில்லை. காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்புக் காற்று சீக்கிரமே களிம்பு ஏற்றிவிடும். தினமும் தொட்ட கை ஈரத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. எப்போதாவது புளி தடவிக் கழுவி உடனே துடைக்கலாம், கம்பி நார் மட்டும் போடாதீர்கள். தோல் சுற்றிய குச்சியைத் தண்ணீர் படாமல் தனியாக எடுத்து வையுங்கள். நனைந்த தோல் வழுக்கும், காய்ந்ததும் கழன்றுவரும், புதுக் குச்சிக்கு மறுபடி மிண்ட் தெருவுக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும்.