சரித்திரச் சண்டைக்கதை எழுதேக்க விடக்கூடாத பிழையள்

போன மாசம் அக்காட மகன் ஒரு ஸ்கிரிப்ட் கொண்டந்து கையில தந்தான், 20 நிமிசக் குறும்படமாம், 1782ல எங்கட திருமலை, அதுதான் திருகோணமலைத் துறைமுகத்துக்காக இங்கிலிஸ்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடிபட்ட கதை, மாமா வடிவா வாசிச்சுப் பிழை இருந்தாச் சொல்லுங்கோ எண்டான். முதல் வரியே "பிரெட்ரிக் கோட்டை, இரவு" எண்டு கிடந்துது. டேய், அந்தப் பேர் 1803ல தான் வச்சது, உன்ர ஹீரோ 21 வருசம் முந்தியே எப்பிடியடா அந்தப் பேரச் சொல்லுவான் எண்டு கேட்டன். "மாமா இதெல்லாம் ஆர் பாக்கப்போயினம்" எண்டு சிரிச்சான்.

உண்மையச் சொன்னா அவன் சொன்னதில கொஞ்சம் ஞாயம் இருக்கு. பேர்ப்பிழை எல்லாம் பேனையால வெட்டித் திருத்திற பிழை. நான் தலையில கை வச்சது ஒம்பதாம் பக்கத்தில. அதில இங்கிலிஸ்காரன்ர கோட்டைய பிரெஞ்சுக்காரன் அடிச்சுக்கொண்டு நிக்கேக்க, இங்கிலிஸ் கப்பல் படையும் சரியா அந்த நேரம் பாத்து வந்து சேருது, இப்ப கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலை உச்சியில நிண்டு ஹீரோ பந்தத்த ஆட்டுறான், கீழ கடல் முழுக்க நெருப்பு. பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நடந்தது வேற. அந்த வருசம் ஜனவரியில தான் இங்கிலிஸ்காரன் ஒல்லாந்தரிட்ட இருந்து திருமலையப் பிடிச்சவன், ஆகஸ்ட் கடைசியில சுஃப்ரான் எண்ட பிரெஞ்சுத் தளபதி வந்து இறங்கி சில நாளுக்குள்ள கோட்டையப் பிடிச்சுப்போட்டான், இங்கிலிஸ் தளபதி ஹியூஸ் கப்பலுகளோட வந்து சேர்ந்தது செப்டம்பர் 2. அடுத்த நாள் விடிய நிமிர்ந்து பாத்தா கோட்டைக்கு மேல பிரெஞ்சுக் கொடி பறக்குது. அதுக்குப் பிறகுதான் கடல்ச் சண்டை. ஒரே வருசத்தில மூண்டு கொடி மாறின ஊர் இது, இவன் என்னெண்டா அந்தப் பிந்தி வந்ததையே கதையில இருந்து தூக்கிப்போட்டான். பிந்தினதுதானே கதை! நாலு நாள் முந்தி வந்திருந்தா எல்லாம் மாறியிருக்கும் எண்டு ஒரு மனுசன் கப்பல் தட்டில நிண்டு அந்தக் கொடியப் பாக்கிற காட்சிக்கு எந்த பந்தம் ஈடு.

ஆக முதல் பிழை இதுதான், ஒரு சண்டை ஏன் அப்பிடி முடிஞ்சுது எண்ட காரணத்தையே சுவாரசியத்துக்காக வெட்டுறது. பெரிய பெரிய ஆக்களும் இதை விட்டிருக்கினம். 1995ல வந்த பிரேவ்ஹார்ட் படத்தில ஸ்டேர்லிங் பாலச் சண்டை வரும், 1297ல நடந்தது, ஆனா படத்தில பாலமே இல்ல, வெறும் வெளி. உண்மையில ஸ்கொட்லாந்துக்காரர் வெண்டதுக்குக் காரணமே அந்த ஒடுக்கமான பாலம் தான், எதிரிப்படை அரைவாசி இங்கால வந்து அரைவாசி அங்கால நிக்கேக்க போட்டு அடிச்சவை. பாலத்த எடுத்தாப் பிறகு மிஞ்சுறது கத்தலும் ரத்தமும் தான், மற்றப் படங்களில பாக்காத கத்தலோ.

அப்ப கற்பனையே வேண்டாமோ எண்டு கேக்காதேங்கோ. கற்பனைய எங்க போடுறது எண்டதுதான் விசயம். கல்கி 1950ல இருந்து 54 வரைக்கும் தொடரா எழுதின பொன்னியின் செல்வன எடுங்கோ. ஆதித்த கரிகாலனைக் கொண்டது சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் எண்ட துரோகிகள் எண்டு உடையார்குடிக் கல்வெட்டில இருக்கு, ஏன் கொண்டவை எண்டு அதில இல்ல. அந்த ஓட்டைக்குள்ள தான் கல்கி நந்தினிய வச்சவர். கல்வெட்டு சொன்னதை அவர் அழிக்கேல்ல, அது வாய் மூடின இடத்தில தான் தான் கதைக்கத் தொடங்கினவர். கெட்டிக்காரத்தனம் எண்டா அது. பிழை விட்டது வாசிச்ச எங்கட ஆக்கள், 2022லயும் 23லயும் படம் ரெண்டு பாகமா வந்த நேரம் டச்பே கடற்கரையில கடலை கொறிச்சுக்கொண்டு நந்தினி பாண்டியன்ர ஆளோ பழுவேட்டரையர்ட ஆளோ எண்டு ரெண்டு பேர் சண்டை பிடிச்சதை என்ர காதால கேட்டனான். அப்பிடி ஒருத்தி இருந்ததே இல்லை அண்ணை எண்டு சொல்ல வாய் வந்தது, கடலைக் காசு குடுத்திட்டு வந்திட்டன்.

கதைய எங்க நிப்பாட்டுறது எண்டதும் ஒரு விதத்தில வரலாற்றைத் திருத்திறது தான், இதை கனபேர் யோசிக்கிறேல்ல. நாவலில அருள்மொழிவர்மர் இலங்கையில நல்ல பிள்ளை. அதே ஆள் ராஜராஜனாகி, 993 அளவில அவற்ற படை வந்து அநுராதபுரம் அழிஞ்சது எல்லாம் நாவல் முடிஞ்சாப் பிறகு. பிறகு ராஜேந்திரன்ர காலத்தில 1017ல இலங்கை ராசா அஞ்சாம் மகிந்தன் பிடிபட்டு, 12 வருசம் சோழநாட்டில சிறையிருந்து அங்கயே செத்தது. சோழன் எண்டா தெய்வம் எண்டு எழுதிறவை இதை வாசிக்கோணும்.

அதுக்காக மற்றப் பக்கம் பாயவும் கூடாது. இது தான் எனக்குக் கூடக் கோவம் வாற பிழை, இப்பத்தைய சண்டைய அப்பத்தைய ஆக்களின்ர வாயில திணிக்கிறது. சோழன் வந்தான், புத்த கோயிலெல்லாம் இடிச்சான், அல்லாட்டி தமிழன் எண்டா சைவன் மட்டும் தான் எண்டு ஒரே வரியில எழுதிப்போடுவினம். திருமலையில இருந்து ஹொரவபொத்தானை றோட்டால போனா பெரியகுளத்துக்குக் கிட்ட வெல்கம் விகாரை இருக்கு. சோழர் காலத்தில அதுக்குப் பேர் இராஜராஜப் பெரும்பள்ளி. புத்த பள்ளிக்கு சோழ ராசான்ர பேர், விளக்கெரிக்கவும் மாடு குடுக்கவும் தமிழில வெட்டின கல்வெட்டுகள். நான் முதல் தரம் போனது ஒரு வைகாசி வெயிலில, கல்லில விரல வச்சு எழுத்துக் கூட்டினன், பாதி விளங்கேல்ல, ஆனா "பள்ளி" எண்ட சொல்லு விரலுக்குத் தட்டுப்பட்டது இப்பவும் ஞாபகம். அநுராதபுரத்த அழிச்ச ஆக்களின்ர காலம் தான் இதுவும். ரெண்டையும் ஒரே கதைக்குள்ள கொண்டு வரேலாதவர் இந்தக் காலத்துக் கதைய எழுதாம விடுறது நல்லம்.

ஆளெண்ணிக்கை இன்னொரு பகிடி. ஒரு லட்சம் பேர் படை எண்டு சும்மா எழுதிப்போடுவினம். ஆளுக்கு அரைக்கிலோ அரிசி எண்டு வைப்பம், ஒரு நாளைக்கு 50 டொன். ஒரு மாட்டு வண்டில் அரை டொன் இழுத்தாலும் 100 வண்டில், ஒரு நாளைக்கு, மாடு திங்கிறது வேற கணக்கு. குதிரையும் அப்பிடித்தான், பாண்டியநாட்டுக்கு குதிரை கப்பலில தான் வந்தது, வந்ததில கனக்கச் செத்தும் போச்சு எண்டு மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கிறார், படத்தில எண்டா கொம்பியூட்டரில ஆயிரக்கணக்கில ஓட விடுறாங்கள். சோழப் படைச் சமையலில செத்தல் மிளகாய் காயுறது, தக்காளி வெட்டுறது எல்லாம் சின்னப் பிழை, அதெல்லாம் பறங்கியோட வந்த சாமான், மிளகு எண்டு மாத்தினாச் சரி.

சொல்லுக்குள்ளயும் காலம் ஒளிச்சிருக்கும். 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் வந்து எங்கட துறைமுகத்துக்கும் சைனாபே விமானத்தளத்துக்கும் குண்டு போட்டது, அண்டைக்கே இங்கிலிஸ்காரன்ர ஹேர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக் கடலில தாண்டது. ஒரு ஜப்பான்காரன் விமானத்தோட எண்ணெய்த் தாங்கியில வந்து விழுந்தவன் எண்டு ஊரில சொல்லுவினம், சொல்லேக்க "கமிகாசே", விமானத்தோட போய் மோதிச் சாகிற ஆள், எண்டு தான் சொல்லுவினம். நானும் ஒருக்கா பள்ளிக்கூட மேடை நாடகத்தில ஒரு வெள்ளைக்கார சிப்பாயை "கமிகாசே! கமிகாசே!" எண்டு கத்திக்கொண்டு ஓட விட்டனான், நல்ல கைதட்டு. கமிகாசே எண்ட படைப்பிரிவையே ஜப்பான்காரன் 1944 ஒக்டோபரில தான் தொடங்கினது. கீழ இருந்த ஒரு ஓய்வெடுத்த வாத்தியார் நாடகம் முடிய வந்து கையப் பிடிச்சு, தம்பி நல்லாயிருந்தது, ஆனா அவனுக்கு ரெண்டரை வருசம் முந்தியே எப்பிடித் தெரிஞ்சது எண்டு மெல்லமாக் கேட்டார். கைதட்டு எல்லாம் மறந்து போச்சு, அந்தக் கேள்வி மறக்கேல்ல.

மருமகன் போன ஞாயிறு திரும்ப வந்தான். இப்ப முதல் வரி "திருமலைக் கடல், விடியக்காலம்", ஹியூஸ் கண்ணாடியக் கண்ணில வச்சபடி பேசாம நிக்கிறார், கொடியக் காட்டேல்ல, அவற்ற முகம் மட்டும் தான். வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் நான் ஒண்டும் கதைக்கேல்ல. மூண்டாம் பக்கத்தில கோட்டைக்குள்ள ஒரு சிப்பாய் அவிச்ச மரவள்ளிக்கிழங்கு திண்டுகொண்டு இருக்கிறான். மரவள்ளி இலங்கைக்கு மொரிசியசில இருந்து வந்தது 1786ல எண்டு சொல்லுவினம். நாலு வருசம் தானே, தின்னட்டும் எண்டு விட்டிட்டன்.