கூலன்ட் குறைந்துகொண்டே போனால் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்தான் கூலன்ட். அதன் டேங்கில் அளவு அடிக்கடி மினிமம் கோட்டுக்குக் கீழே இறங்கினால், தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டாதீர்கள், எங்கேயோ கசிகிறது. முதலில் எஞ்சின் முழுசாக ஆறட்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும், இதில் அவசரமே வேண்டாம்.

இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பச்சையாகவோ ரோஸாகவோ கறை இருந்தால் அதற்கு நேர் மேலே தேடுங்கள்: ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரம், அப்புறம் வாட்டர் பம்ப் அடியில் இருக்கும் சின்னத் துளை. நிறமில்லாத சுத்தமான தண்ணீர் என்றால் அது பெரும்பாலும் ஏசியிலிருந்து வந்தது, கவலை இல்லை. ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் இறுக்கினால் போதும், ஹோஸ் வெடித்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும், பம்ப் துளையில் ஒழுகினால் உள்ளே சீல் போய்விட்டது, பம்பையே மாற்றுங்கள்.

வெளியே சொட்டுக்கூட இல்லை, ஆனாலும் குறைகிறது, சைலன்சரில் எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை, ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் சீல்) மேல்தான் சந்தேகம். ஓட்டாமல், வண்டியை இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கசிவை அடைக்கும் திரவங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அவை அடைத்துவிடலாம்.

சரிசெய்தபின் மேனுவலில் சொன்ன கூலன்டையே ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். தரையில் சிந்தியதை உடனே கழுவுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது கொடிய விஷம்.