ஃப்ரண்ட்எண்ட் ஃபிரேம்வொர்க் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையச் செயலியில் பயனர் பார்க்கும் திரைப்பகுதியைக் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகளே ஃப்ரண்ட்எண்ட் ஃபிரேம்வொர்க்குகள். ரியாக்ட், ஆங்குலர், வியூ, ஸ்வெல்ட் ஆகியவற்றுள் எதை எடுப்பது என்று விவாதிக்கும் முன்பே பல குழுக்கள் முதல் தவறைச் செய்துவிடுகின்றன; கட்டப்போகும் பக்கங்களுக்கு இவற்றுள் ஒன்றாவது தேவைதானா என்று அவை கேட்பதில்லை. கட்டுரைகளும் படங்களும் ஒரு தொடர்புப் படிவமும் மட்டுமே கொண்ட தளத்தை, முழுக்க பிரவுசரிலேயே வரையப்படும் ரியாக்ட் செயலியாகக் கட்டிவிட்டு, சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தின் அடிப்படைக் குறியீட்டை, திறந்து பாருங்கள். உள்ளே ஒரு வெற்று டிவ்வும் (உள்ளடக்கம் வந்து அமர வேண்டிய காலிப் பெட்டி), ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை அழைக்கும் ஒரு ஸ்கிரிப்ட் வரியும்தான் இருக்கும். அந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இறங்கி இயங்கத் தொடங்கிய பிறகே முதல் எழுத்து திரைக்கு வரும். அதுவரை, பழைய கைபேசி வைத்திருப்பவர் வெள்ளைத் திரையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். பக்கத்தின் முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகோல். இத்தகைய தளத்துக்கு, எச்டிஎம்எல்லை முன்கூட்டியே உருவாக்கித் தரும் ஆஸ்ட்ரோ போன்ற கருவியே பொருத்தமானது. ஓரிடத்தில் ஓர் எண்ணைத் திருத்தினால் திரையின் நான்கு இடங்களில் கணக்கு மாற வேண்டிய செயலிகளில்தான் ஃபிரேம்வொர்க்கின் அருமை தெரியும்.

வேக ஒப்பீட்டு அட்டவணையை மட்டும் நம்பி முடிவெடுப்பது அடுத்த தவறு. 5,000 வரிசைகள் கொண்ட பட்டியல் நகர மறுத்தால், அத்தனை வரிசைகளையும் ஒரே நேரத்தில் வரைந்திருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை மட்டும் வரைந்தால் எந்த ஃபிரேம்வொர்க்கிலும் அது சரியாகிவிடும்.

ரியாக்டையும் ஆங்குலரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவதும் சரியன்று. ஆங்குலரில் ரவுட்டிங் (முகவரிக்கு ஏற்ப திரையை மாற்றும் வசதி), படிவங்கள், சர்வரோடு பேசும் வசதி எல்லாம் ஒரே குழுவின் பராமரிப்பில் சேர்ந்தே வருகின்றன; ரியாக்டோ திரையை வரையும் நூலகம் மட்டுமே என்பதால், மற்றவற்றை நாமே தேர்ந்தெடுத்து, அவை ஒவ்வொன்றின் பதிப்பு மாற்றங்களையும் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கும்.

பராமரிப்பைக் கணக்கில் கொள்ளாததே இவை எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். 2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கும் 2016இல் வந்த ஆங்குலர் 2க்கும் பெயரில்தான் ஒற்றுமை. பின்னது அடியோடு புதிதாக எழுதப்பட்டதால், பழைய செயலிகளைப் பெருமளவு மாற்றி எழுத நேர்ந்தது. வியூ 2க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31உடன் முடிந்தது. பல ஆண்டுகளாக ரியாக்ட் திட்டங்களின் தொடக்கப் புள்ளியாக இருந்த கிரியேட் ரியாக்ட் ஆப், 2025 பிப்ரவரியில் புதிய திட்டங்களுக்கு உகந்ததன்று என அறிவிக்கப்பட்டது. ஆகவே நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு ஃபிரேம்வொர்க் பெற்ற நட்சத்திர எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, முந்தைய பெரும்பதிப்பு மாற்றம் எப்படி நடந்தது, அதற்கு வழிகாட்டி ஆவணமும் தானியங்கி மாற்றுக் கருவியும் தரப்பட்டனவா என்று பார்ப்பதே பயன் தரும்.

முடிவெடுக்கும் முன் சோதித்துப் பார்ப்பவர்கள்கூட எளிய பணிப்பட்டியல் செயலியைக் கட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அதை எந்த ஃபிரேம்வொர்க்கிலும் அழகாக எழுதிவிடலாம். உங்கள் திட்டத்திலேயே மிகக் கடினமான திரையை இரண்டு ஃபிரேம்வொர்க்குகளில் கட்டுங்கள். பிறகு, அதை எழுதாத ஒருவரிடம் கொடுத்து திரையில் புதிதாக ஓர் உள்ளீட்டுப் புலத்தைச் சேர்க்கச் சொல்லி, அவர் எத்தனை கோப்புகளைத் திறக்கிறார், எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார் என்று கவனியுங்கள்.