படகில் ஏறுவதற்கு முன்பே நடக்கிற பிழைகள்

கனடாவில் இருந்து வந்த பெரியம்மாவின் குடும்பத்தை ஒரு மார்கழியில் மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடாக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், மூன்று நாளும் விடுதி யன்னலால் மழையைக் காட்டித் திருப்பி அனுப்பியவன் நான். டொல்பின் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவர்கள் விமானச் சீட்டு எடுத்தது பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து. நான் ஓமென்றது அவர்கள் வருகிற புளுகத்தில். காற்று எந்தப் பக்கம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு பலரைப் படகேற்றியும் இருக்கிறேன், ஏற்றாமல் திருப்பியும் இருக்கிறேன். கடலிலோ வாவியிலோ போன பிறகு நடக்கிற பிழை குறைவு. பயணம் பெரும்பாலும் கரையிலேயே கெட்டுவிடுகிறது, நாளும் நேரமும் குறிக்கிற இடத்தில்.

தெற்கில் மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் ஓடுகிற மார்கழி, தை மாதங்களில் கிழக்கில் எங்கள் பக்கம் வாடைக்காற்றும் மழையும்தான். மட்டக்களப்பு வாவி நிரம்பி முகத்துவாரம் வெட்டிவிட்டால் வெள்ளமெல்லாம் கடலுக்குள் இறங்கும். பவளப்பாறை பார்க்க வந்தவருக்குக் கிடைப்பது மண்ணிறத் தண்ணீர். மட்டக்களப்புக்கும் அம்பாறைக் கரைக்கும் படகுக் காலம் ஏறத்தாழச் சித்திரை முதல் புரட்டாதி வரை. "இலங்கைக்கு டிசம்பர்தான் நல்லது" என்று யாராவது சொன்னால், அவர் காலியையும் மிரிஸ்ஸவையும் மனதில் வைத்துச் சொல்கிறார்.

மாதம் சரியாக இருந்தும் நேரத்தைப் பிழைக்க விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனி, ஆடியில் வீசுவது கச்சான் காற்று. தென்மேற்கில் இருந்து வந்து, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகி எங்களிடம் இறங்குகிறது. இது தரையில் இருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையில் நின்று பார்த்தால் கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடக்கும். அலை எழும்ப அந்தக் காற்றுக்குக் கரையோரத்தில் இடம் போதாது, அதுதான் காரணம். அந்த அமைதியை நம்பிக் காற்றடைத்த மெத்தையிலோ சின்னக் கயாக்கிலோ ஏறினால் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். திரும்பித் துடுப்புப் போடும்போதுதான் எதிர்க்காற்று என்று விளங்கும். வாவியில் கதை வேறு. 56 கிலோமீற்றர் நீளமான தண்ணீரில் காற்றுக்கு ஓட இடம் தாராளம், மத்தியானம் திரும்பினால் தோணிக்குள் தண்ணீர் தெறிக்கும். "மனே, விடியப்புறம் வெளிக்கிட்டாத் தலைவெயில் ஏறமுதல் வந்திரலாம், மறுகா என்னைக் குறை சொல்லப்படாது" என்று தோணிக்காரர் சொல்வது கொக்கு, நாரைக்காக மட்டுமல்ல.

அடுத்தது, "குரூஸ்" என்ற சொல் மனதில் கீறிவைத்திருக்கிற படம். இந்தோனேசியா, பப்புவா நியூகினித் தீவுகளில் நூறு பேர் மட்டில் ஏற்றுகிற சின்னக் கப்பல்கள் ஓடுகின்றன. இரவில் கப்பலில் உறக்கம், பகலில் இறப்பர்ப் படகில் கரையிறங்கி ஊரும் காடும் பார்க்கலாம். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, மட்டக்களப்பில் எந்த இறங்குதுறையில் ஏறுவது என்று கேட்கிறார்கள். அப்படி ஒன்று இங்கே இல்லை. அம்பாறைக் கரையில் 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயையே மணல் அடைத்தது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரித்தது. இந்தக் கரையில் நீங்கள் செய்யக்கூடியது, நாலைந்து சின்னப் படகுப் பயணங்களைத் தெருவால் கோத்துக்கொள்வதுதான். பாசிக்குடாவில் ஒன்று, வாவியில் ஒன்று, பொத்துவில் களப்பில் ஒன்று, இங்கினியாகலைக் குளத்தில் ஒன்று. இவற்றை இரண்டு நாளில் முடிக்க நினைக்கிறவர் வேன் இருக்கையைத்தான் வடிவாகப் பார்ப்பார். மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒவ்வொரு படகும் விடியக்காலைப் படகு என்றால், ஓரிடத்துக்கு ஓர் இரவு வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

சுழியோடத் தெரிந்தவர்கள் ஹேர்மிஸ் என்ற பெயரோடு வருவார்கள். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது, மட்டக்களப்புக்கு நேரே கடலடியில் கிடக்கிறது. ஆழம் 50 மீற்றருக்குக் கிட்ட. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லையே 40 மீற்றர். ஆழ்கடலுக்கான தனிப்பயிற்சி இல்லாமல் போகிற இடமல்ல. "கொஞ்சம் கீழேதானே" என்று ஆசை காட்டுகிற ஆளை விட்டு விலகுங்கள். முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்த கப்பல் என்பதையும் யாராவது சொல்லித்தான் தெரிகிறது. அங்கிருந்து ஞாபகப்பொருள் எடுத்து வருவது கல்லறையில் கைவைக்கிற வேலை.

வாவியில் பலர் விடுகிற பிழை, வேகமான எஞ்சின் படகு கேட்பது. எஞ்சின் இரைச்சலுக்குக் கண்டல் மரத்தில் இருக்கிற ஒரு நீர்க்காகமும் மிஞ்சாது. துடுப்புப் போடுகிற தோணி கிடைத்தால் அதையே பிடியுங்கள். வாவித் தண்ணீருக்குள் இருந்து வருகிற "பாடும் மீன்" ஓசையைக் கேட்க இது இன்னும் முக்கியம். காற்றில்லாத நிலவு இரவில், கல்லடிப் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துத்தான் பழைய ஆட்கள் கேட்டார்கள். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும் ஓசைக்கு அதை ஒப்பிட்டார், 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற். பாடுவது மீனா, ஊரி என்கிற நத்தையா என்று ஊருக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. பாலத்தில் வாகனம் ஓடுகிற நேரத்தில் எஞ்சினை அணைக்காமல், கைபேசியில் பாட்டும் போட்டுக்கொண்டு "ஒன்றும் கேட்கவில்லையே" என்றால் மீன் என்ன செய்யும்?

கரையோரம் பச்சைக் கிளையைப் பிடித்து ஒடிப்பதும் ஆபத்து. கண்டல்களுக்கிடையில் தில்லை மரமும் நிற்கும், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பொத்துவில் களப்பில் முதலை உண்டு, கை தண்ணீருக்கு வெளியே இருக்கட்டும்.

இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம். 1954இல் அமைத்த கல்லோயா தேசிய பூங்காவின் நடுவில், நாட்டிலேயே பெரிய குளம். தண்ணீர் வற்றிப் புல் தலைகாட்டுகிற பங்குனி முதல் ஆடி வரை, யானைகள் தும்பிக்கையை மேலே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டு தீவுக்குத் தீவு நீந்தும். படம் எடுக்கிற ஆசையில் "முன்னால் விடுங்கோ அண்ணன்" என்று படகுக்காரரை அவசரப்படுத்துகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நீந்துகிற யானைக்கு நிற்க நிலம் இல்லை. வழியை மறித்தால் சுற்றிப் போக வேண்டும், கூட வருகிற குட்டி களைக்கும். எஞ்சினை அணைத்துப் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றால் பயப்படாமல் தன்பாட்டில் கரையேறும், படமும் அப்போதுதான் நன்றாக வரும். டொல்பினுக்கும் இதே கதை. துரத்தினால் தாழும்.

மனிதர்களைப் பார்க்கிற இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழ் பேசி, மீன் பிடித்து, தேன் எடுத்து வாழ்கிறவர்கள். கோவணமும் வில்லும் எங்கே என்று கேட்டு, சட்டை போட்டிருக்கிறார்கள் என்று ஏமாந்து திரும்பின ஒரு கூட்டத்தோடு நான் ஒருமுறை போக நேர்ந்தது. போன வீட்டில் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார்கள். வந்தவர்கள் அதைக் குடிக்கவில்லை. கரைவலை இழுக்கிறவர்களைப் படம் எடுக்க நின்றால், அரை மணித்தியாலம் கயிற்றில் கை வையுங்கள், பிறகு கதை தானாக வரும். நாவலடிக் கரையில் சிரித்துக்கொண்டு படம் எடுக்க முதல் யோசியுங்கள், 2004 மார்கழி 26 சுனாமியில் அந்த ஊர் அப்படியே போனது.

மண்டூர் முருகனிடம் போகத் தனிப்படகு பேசிக் காசை விடுகிறவர்களும் உண்டு. "பாதை" என்கிற மிதவைப் படகு ஓடுகிற நாளில் குருமண்வெளிக்குப் போய், சைக்கிளோடும் மரக்கறிச் சாக்கோடும் நிற்கிற சனத்துக்குள் நின்று வாவியைக் கடந்து பாருங்கள். கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார், மந்திரச் சத்தம் வராது. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று விளக்கம் கேட்காதீர்கள், வெளியே வந்து கேட்கலாம்.

மற்றவை சின்னவை. உயிர்காப்பு அங்கியைக் காலடியில் போடாமல் மாட்டிக் கட்டுங்கள். சில்லறைக் காசு வைத்திருங்கள், களப்போரத்தில் வங்கி அட்டை எடுக்கமாட்டார்கள். பவளத்தில் காலை ஊன்றாதீர்கள், 1998இல் கடல் சூடேறி வெளிறியதில் பட்ட அடியே பாசிக்குடாவுக்குப் போதும். பவளத் துண்டைப் பைக்குள் போடுவது சட்டப்படி குற்றம்.

படகுக்காரர் "இண்டைக்கு வேணாம்" என்றால், கூடுதல் காசு காட்டி மனதை மாற்றப் பார்க்கிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: அவருக்கு அன்றைய வருமானம் போகிறது, அப்படியும் வேண்டாம் என்கிறார்.

பெரியம்மா இந்த முறை வைகாசிக்குச் சீட்டுப் போட்டிருக்கிறா. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாம், அவ தனியாக வாறா.