கோடையில் மொட்டையாகும் பெலர்கோனியம்: எப்போது நீர், எப்போது ஓய்வு

இலையெல்லாம் உதிர்ந்து வெறும் கட்டையாக நிற்கும் செடியைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். சதைப்பற்றுள்ள பெலர்கோனியங்கள் பெரும்பாலும் அப்படித்தான் அழுகிச் சாகின்றன. நர்சரிகளில் ஜெரேனியம் என்று விற்கும் பூச்செடிக்கு இவை நெருங்கிய சொந்தம். ஆனால் தாயகம் தென்னாப்பிரிக்காவின் நமக்குவாலாந்து, ரிக்டர்ஸ்வெல்ட், நமீபியாவின் தென்மேற்கு ஓரம் போன்ற வறண்ட பகுதிகள். அங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடை முழுக்க வறட்சி. கார்னோசம், கிரித்மிஃபோலியம், எக்கினேட்டம், மிராபிலே எல்லாம் இந்த வகை. பூமத்திய ரேகைக்கு வடக்கே இவை ஏறக்குறைய அக்டோபரில் துளிர்த்து ஏப்ரலில் அடங்கும்.

மாதக் கணக்கைவிட இரவுக் குளிரை நம்புங்கள். இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் கணுக்களில் பச்சை முளை தெரியும். ஊட்டி, கொடைக்கானலில் இது சுலபம். உறைபனி இரவுகளில் மட்டும் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். சமவெளியில் குளிரும் போதாது, துளிர்க்கும் நேரத்தில் ஐப்பசி அடைமழை வேறு. கூரை இல்லாமல் அங்கே முயலவே வேண்டாம்.

மண்கலவை: 3 முதல் 5 மி.மீ. பியூமிஸ் (துளைகள் நிறைந்த லேசான எரிமலைக் கல்) அல்லது பொடி ஜல்லி 2 பங்கு, தூசி போகக் கழுவிய பருமணல் 1 பங்கு, சலித்த மக்கு உரம் 1 பங்கு. தென்னைநார்க் கழிவு சேர்த்தால் சட்டியின் நடுவில் ஈரம் தங்கும். வேர்க்கட்டியைவிட 2 செ.மீ. மட்டுமே அகலமான மண்சட்டி போதும். சட்டி மாற்ற ஏற்ற நேரம் முளை தெரியும் வாரம்தான்.

முளை வந்ததும் 12 செ.மீ. சட்டிக்கு 100 மி.லி. விட்டு நிறுத்துங்கள். ஓய்வில் நுனிவேர்கள் காய்ந்திருக்கும். எடுத்ததுமே நிறைய ஊற்றினால் குடிக்க வேர் இருக்காது. ஒரு வாரம் கழித்து அடியில் வழியும்வரை ஊற்றலாம். பிறகு மேல் மண் 3 செ.மீ. ஆழம் காய்ந்தால் மட்டும், அதுவும் காலையில். நாளுக்கு 5 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்; குறைந்தால் தண்டு நீண்டு மெலியும். தழைச்சத்து குறைந்த உரத்தைக் கால் அளவில் கரைத்து மாதம் ஒருமுறை விட்டால் போதும். ஈரக்குளிரில் வாடிய இலை, பூக்களைக் கிள்ளி எடுங்கள். சாம்பல் பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். கிரித்மிஃபோலியத்தின் காய்ந்த பூங்காம்புகள் தண்டோடு நிற்பது இயல்பு, பிடுங்கிக் காயப்படுத்தாதீர்கள்.

அடி இலைகள் மஞ்சளானதும் நீர் விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். மூன்றில் இரண்டு பங்கு இலை போனதும் நிறுத்திவிட்டுக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தண்டு பென்சிலைவிட மெல்லிய சிறு செடிகளுக்கு மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மாலையில், சட்டி ஓரமாக இரண்டு மூன்று கரண்டி. கிழங்கு வகைகளுக்கு அதுவும் கூடாது.

உயிர் இருக்கிறதா என்று தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். லேசாகச் சுருங்கியிருந்தாலும் கெட்டியாக இருந்தால் தூங்குகிறது. கொழகொழவென்று அமுங்கினால் அழுகல். பழுப்பு நிறம் துளியும் தெரியாத இடம்வரை சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். மிஞ்சிய துண்டை ஒரு வாரம் நிழலில் காயவைத்து, லேசான ஈரமுள்ள மணலில் நட்டு வையுங்கள். கோடை நடுவில் வெட்ட நேர்ந்தால், குளிர் வரும்வரை நடாமல் உலர்வாகவே வைத்திருப்பது நல்லது.